மேற்படி முயல்!

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் உலகத்தில் இரண்டு சூப்பர் ஸ்டார்கள் உண்டு. ஒருவர் டீ பாட். இன்னொருவர் மண் முயல்.

சிரிக்காதீர்கள். நிஜம்தான். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1975-ல் மார்ட்டின் நியூவெல் என்பவர் 'எதை வரைந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றலாம்?' என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். 'டீ சாமானை வரையுங்களேன்' என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி சாண்ட்ரா. மேஜை மேலிருந்த டீ பாட்டைப் பார்த்து கிராஃப் பேப்பரில் வரைந்தார். அந்த டீ பாட் இன்றைக்கு கலிஃபோர்னியாவில் ஒரு மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மனைவி பேச்சைக் கேட்டால் மியூசியம் வரை போகலாம்!

முயலின் கதை 1994-ல் ஆரம்பம். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கிரெக் டர்க், ஈஸ்டர் சமயத்தில் பாலோ ஆல்டோ கடைவீதியில் சிவப்புக் களிமண் முயல் ஒன்றை வாங்கிவந்தார். அவரும் பேராசிரியர் மார்க் லெவாயும் அதைப் பத்துக் கோணங்களில் லேசரால் ஸ்கேன் செய்து, பத்தையும் தையல் போட்டு ஒன்றாக்கினார்கள். கிடைத்தது ஒரு முக்கோண வலை. 35,947 புள்ளிகள், 69,451 முக்கோணங்கள். அதற்கப்புறம் 3டி உருவங்களில் யார் என்ன புது வித்தை கண்டுபிடித்தாலும் முதலில் இந்த முயல் மேல்தான் பரீட்சை. பாவம், வாயில்லா ஜீவன்.

'நீ பி.காம். ஆச்சே, உனக்கும் முயலுக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் என் அப்பா வழியாக வந்தது.

அப்பா விருதுநகரில் ஒரு மளிகை மண்டியில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப்பிள்ளை. அடையாளங்கள்: முகம் நிறைய அம்மைத் தழும்பு, வலது காதில் செருகிய பென்சில். தூங்கும்போது மட்டும்தான் பென்சிலை எடுப்பார். சில நாள் அதுவும் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு என் அக்கா பையன், ஒரு அனிமேஷன் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தவன், தாத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து செல்போனோடு சுற்றிச்சுற்றி வந்தான். ''ஆடாம இருங்க தாத்தா.'' அப்பா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ''பாஸ்போர்ட் போட்டோவுக்கா இத்தனை படம்?'' என்று கடைசியில் ஒரே கேள்வி. தலையிலிருந்து மார்பு வரை 3டி உருவம் தயார். பார்த்தோம், சிரித்தோம், மறந்துவிட்டோம்.

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார். அக்கா வளைகுடாவில் நர்ஸ். லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, அவள் வந்து இறங்கியபோது மூன்றாம் நாள் சடங்கெல்லாம் முடிந்திருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குறை அவளுக்கு ஆறவே இல்லை.

போன மாதம் பையனுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. ''மாமா, தாத்தா ஸ்கேன் இருக்கு. அம்மாவுக்கு அனுப்பட்டுமா?''

அனுப்பினான். உருவம் மட்டும் அறுபது எம்.பி. ஹாஸ்டலில் பத்துப் பேருக்கு ஒரு வைஃபை. நாற்பது சதவிகிதத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. ''அப்பா பாதியில நிக்கிறாருடா'' என்றாள் அக்கா. சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

''கவலைப்படாதீங்க மாமா. குறைச்சிடலாம்'' என்றான் பையன். அரை மணி நேரத்தில் புது ஃபைல், இரண்டு எம்.பி. திறந்தேன். அப்பா இருந்தார். முகம் வழவழவென்று, பியூட்டி பார்லர் போய்வந்த மாதிரி. தழும்பு இல்லை. காதைப் பார்த்தேன். பென்சில் காதோடு காதாகக் கரைந்து ஒரு கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

''டேய், இது யாருடா?''

''தாத்தாதான் மாமா. ஆறு லட்சம் முக்கோணம் இருந்துச்சு. இருபதாயிரமாக் குறைச்சேன்.''

''கணக்குல ஆறு லட்சம் இருக்குன்னு வெச்சுக்கோ. அதை இருபதாயிரம்னு எழுதினா அதுக்குப் பேரு குறைக்கிறது இல்லடா. கையாடல்!''

பையன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, ''அப்ப அமுக்கிப் பாக்கலாம். அது வேற வித்தை. முக்கோணம் ஒண்ணுகூடக் குறையாது. எழுதுற விதம்தான் மாறும்'' என்றான். அந்த ராத்திரி அவன் எனக்கு எடுத்த பாடம்தான் இந்தக் கட்டுரை. பாடப்புத்தகம், மேற்படி முயல்.

கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம். முயலை சாதாரண முறையில் எழுதினால் இரண்டு பேரேடு வேண்டும். முதல் பேரேட்டில் ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்ற விலாசம். நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள், எண்ணுக்கு 4 பைட். ஆக 35,947 புள்ளிக்கு 4,31,364 பைட். இரண்டாவது பேரேட்டில் எந்த மூன்று புள்ளி சேர்ந்தால் எந்த முக்கோணம் என்ற உறவுமுறை. 69,451 முக்கோணத்துக்கு 8,33,412 பைட். மொத்தம் 12,64,776.

ஆடிட்டர் கண்ணோடு பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுத ஒரு பங்கு செலவு. யார் யாரோடு கை கோத்திருக்கிறார்கள் என்று எழுத இரண்டு பங்கு! எந்தக் கம்பெனியிலும் முதலில் கை வைக்கவேண்டிய செலவு இதுதானே?

ஏன் இத்தனை செலவு? ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறோம். இந்த மாதிரி வலையில் ஒரு புள்ளி சராசரியாக ஆறு முக்கோணங்களுக்குச் சொந்தம். ஆறு வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் தாய்மாமன் பெயர் வருகிற மாதிரி, ஒரே பெயர் ஆறு தடவை.

இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் பேரேடு கண் முன்னால் வந்தது. ஒரே வியாபாரி பத்து மூட்டை எடுத்தால் அப்பா பத்துத் தடவை பெயர் எழுதமாட்டார். முதல் வரியில் பெயர். அப்புறம் ௸, ௸, ௸... இது என்ன சுழி என்று முழிக்கிறீர்களா? மேற்படி! தமிழில் மேற்படிக்கென்றே ஒரு குறி உண்டு. வரவுக்கு ஒன்று, பற்றுக்கு ஒன்று, ரூபாய்க்கு ஒன்று என்று பழைய கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த குறிகளில் இதுவும் ஒன்று. ஒரு சொல்லை ஒரு சுழியில் அடக்கிய சாமர்த்தியம்.

கம்ப்யூட்டர்காரர்களும் மேற்படியைத்தான் தேடிப் போனார்கள். 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் மைக்கேல் டீரிங், 3டி உருவங்களை வழக்கத்தைவிட ஆறிலிருந்து பத்து மடங்கு குறைவான இடத்தில் எழுதலாம் என்று காட்டினார். 1998-ல் ஐ.பி.எம்.மின் டாபின், ரோஸிக்னாக் இருவரும் ஆரஞ்சுத் தோலை உரிப்பதுபோல் வலையை உரித்து எழுதும் முறையைச் சொன்னார்கள். அடுத்த வருஷம், 1999-ல், அதே யாரெக் ரோஸிக்னாக், இப்போது ஜார்ஜியா டெக் பேராசிரியராக, ஒரு வித்தை செய்தார். ஐந்தே எழுத்தில் எந்த முக்கோண வலையின் உறவுமுறையையும் எழுதிவிடலாம் என்றார். பெயர் எட்ஜ்பிரேக்கர்.

மின்சார மீட்டர் ரீடிங் எடுக்க வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு வீடு, வீட்டுக்கு மூன்று வாசல். ஒரு வாசல் வழியாக நுழைந்துவிட்டார். எதிரே ஒரு மூலை, இடதில் ஒரு வாசல், வலதில் ஒரு வாசல். இனி ஐந்தே சமாச்சாரம்தான் நடக்க முடியும்.

எதிர் மூலை இதுவரை பார்க்காத புது மூலையா? 'சி'. இடது பக்கத்து வீடு ஏற்கெனவே பார்த்ததா? 'எல்', வலது பக்கம் போ. வலது பக்கத்து வீடு பார்த்ததா? 'ஆர்', இடது பக்கம் போ. இரண்டும் பார்த்தாச்சா? 'ஈ', முட்டுச்சந்து, திரும்பு. மூலை பழசு, ஆனால் இரண்டு பக்கத்து வீடும் பாக்கியா? 'எஸ்', தெரு இரண்டாகப் பிரிகிறது. ஒன்றை முடித்துவிட்டு வந்து இன்னொன்று.

அவ்வளவுதான். வீட்டு நம்பர் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. இந்த எழுத்துச் சரத்தை மட்டும் அனுப்பினால், அந்தப் பக்கம் இருப்பவர் அதே வழியில் நடந்து ஊரையே திரும்பக் கட்டிவிடுவார்.

இன்னும் ஒரு குசும்பு இருக்கிறது. முக்கோணங்களில் ஏறக்குறைய பாதி 'சி'தான். ஏனென்றால் புள்ளிகளின் எண்ணிக்கை முக்கோணங்களில் சுமார் பாதி, ஒவ்வொரு 'சி'யும் ஒரு புதுப் புள்ளியைக் கொண்டுவருகிறது. அடிக்கடி வருகிறவருக்குச் சின்னப் பெயர் வை! 'சி'க்கு 1 பிட், மற்ற நாலுக்கும் தலா 3 பிட். சராசரி, முக்கோணத்துக்கு 2 பிட். முயலுக்குப் போட்டுப் பாருங்கள். 8,33,412 பைட் இருந்த இடத்தில் சுமார் 17,400 பைட்! முயலின் அடியில் சில ஓட்டைகள் இருப்பதால் சில்லறை கொஞ்சம் கூடும். இருந்தாலும் ஏறக்குறைய நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஒரு முக்கோணம்கூடக் காணாமல் போகவில்லை.

''இதுக்குக் கீழ போக முடியாதாடா?'' என்றேன். பேராசைதான்.

''கொஞ்சம் போகலாம் மாமா. ஆனா ஒரு தரை இருக்கு. அதை ஒருத்தர் 1962-லயே அளந்து வெச்சுட்டாரு.''

அவர் பில் டட். சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில், இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மானியரின் லோரென்ஸ் ரகசிய மெஷினைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அதிலிருந்து வந்த செய்திகளை மட்டும் வைத்து உள்ளே எத்தனை சக்கரம், எப்படிச் சுற்றுகிறது என்று கண்டுபிடித்தவர். போருக்குப் பின் கனடாவில் கணிதப் பேராசிரியர். இத்தனை புள்ளிகளை வைத்து எத்தனை விதமாக முக்கோண வலை பின்னலாம் என்று 1962-ல் எண்ணிக் காட்டினார். அந்த எண்ணிக்கையிலிருந்து வருகிற விடை: பெரிய வலைகளுக்குப் பொதுவாக ஒரு முறை வேண்டுமென்றால், புள்ளிக்கு சுமார் 3.24 பிட்டுக்குக் கீழே போவதாக எவராலும் உத்தரவாதம் தர முடியாது. எட்ஜ்பிரேக்கர் புள்ளிக்கு 4 பிட். தரைக்கு இத்தனை பக்கத்தில் வந்தாகிவிட்டது. முயல் பிறப்பதற்கு முப்பத்திரண்டு வருஷம் முன்னாலேயே அதற்குக் கூண்டு அளவெடுத்த மனிதர்!

சரி, உறவுமுறை முடிந்தது. இனி விலாசம். புள்ளிகள் எங்கே இருக்கின்றன?

இங்கேயும் மேற்படிதான், கொஞ்சம் புத்திசாலி மேற்படி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முக்கோணம் இருந்தால் சேர்ந்து ஒரு நாற்கோணம். மூன்று மூலை தெரியும். நாலாவது எங்கே இருக்கும்? எதிரெதிர்ப் பக்கம் இணையாக வருகிற மாதிரி ஓர் ஊகம் போடு. ஊகத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுது. இது டூமா, காட்ஸ்மன் இருவரும் 1998-ல் சொன்ன வழி. உருவங்களின் மேல்புறம் பெரும்பாலும் சமர்த்தாக, திடீர்த் திருப்பம் இல்லாமல் போவதால் வித்தியாசம் சின்ன எண்ணாகத்தான் வரும். சின்ன எண்ணுக்குச் சின்ன இடம். ஆபீஸில் மாதச் செலவு ரிப்போர்ட் கேட்டால் 'போன மாசம் மாதிரிதான் ஸார், டீச் செலவு மட்டும் நூறு ரூபாய் கூட' என்கிறோமே, அதே டெக்னிக்.

ஆனால் ஊகத்துக்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. அங்கேதான் என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

அப்பாவின் உருவம் அரை மீட்டர் உயரம். சாதாரண 4 பைட் எண்ணில் அதை எழுதினால் நுணுக்கம் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகும். தங்கத் தராசில் வெங்காயம் நிறுக்கிற கதை. அதனால் அரை மீட்டரைப் படிகளாக வெட்டி, ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் படியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ரூபாய் கணக்கில் பைசாவை ரவுண்டு பண்ணுகிற மாதிரி. 8 பிட் என்றால் 256 படி. படிக்கு 2 மில்லிமீட்டர். 11 பிட் என்றால் 2,048 படி, கால் மில்லிமீட்டர். 12 பிட் என்றால் 4,096 படி, மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு.

எட்ஜ்பிரேக்கர், ஊகம், படி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி கூகுள் 2017-ல் 'டிராகோ' என்று இலவசமாக வெளியிட்டது. செல்போனில் ஒரு சோபாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் இந்த மாதிரி சரக்கு இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். சுருங்குவது பிரயாணத்துக்காகத்தான். பெட்டியில் எத்தனை இறுக்கி மடித்தாலும், ஊரில் போய் விரித்தால் புடவை அதே நீளம்தான். போன் அத்தனை முக்கோணத்தையும் வரைந்தே ஆகவேண்டும்.

பையன் ஆசையாக முதலில் 8 பிட்டில் போட்டான். பென்சில் திரும்பி வந்தது. ஆனால் கன்னம் முழுக்கப் படிக்கட்டு! 2 மில்லிமீட்டர் படியில் அம்மைத் தழும்பு எங்கே நிற்கும்? அடுத்து டிராகோ தானாக வைத்திருக்கும் 11 பிட். தழும்பு வந்துவிட்டது. ''போதும்ல மாமா?''

போதும்தான். ஆனால் எனக்கு அப்பாவின் ஒரு பழக்கம் ஞாபகம் வந்தது. முதலாளிக்குக் காட்டும் வருஷக் கணக்கில் பைசாவை ரவுண்டு பண்ணிவிடுவார், கவலையே படமாட்டார். ஆனால் தினசரிக் கணக்கில் நாலணா இடித்தால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை விளக்கை அணைக்கமாட்டார். ''ரவுண்டு பண்றது தப்பில்லடா. எதை ரவுண்டு பண்றோம்னு தெரியாமப் பண்றதுதான் தப்பு'' என்பார்.

இதே வழக்கு ஃபுளாரன்ஸிலும் நடந்தது. 1999-ல் லெவாயின் குழு மைக்கேலாஞ்சலோவின் 'டேவிட்' சிலையை ஸ்கேன் செய்தது. ஐந்து மீட்டருக்கு மேல் உயரம். கால் மில்லிமீட்டர் நுணுக்கத்தில் எடுத்தார்கள். ஏன் இத்தனை வீம்பு? உளி பட்ட தடம் தெரியவேண்டும்! விளைவு, 200 கோடி முக்கோணம். முயல் கணக்கின்படி எழுதினால் 3,600 கோடி பைட். அந்தக் காலத்து சி.டி.யில் ஐம்பத்தைந்து! சிலையின் அழகு மட்டும் போதும் என்றால் இதில் ஒரு துளி போதும். ஆனால் உளித் தடம் போனால், சிலை இருக்கும், செதுக்கியவர் இருக்கமாட்டார்.

''ஒரு பிட் கூட்டினா எவ்வளவுடா ஆகும்?''

பையன் கணக்குப் போட்டான். மூன்று லட்சம் புள்ளி, புள்ளிக்கு மூன்று எண், எண்ணுக்கு 1 பிட். ''அதிகபட்சம் 1,12,500 பைட் மாமா.''

''தாத்தா தழும்புக்கு அது கொடுக்கலாம்டா. போடு 12.''

அறுபது எம்.பி. ஒரு எம்.பி.க்குக் கொஞ்சம் மேலே என்று வந்து நின்றது. ஆறு லட்சம் முக்கோணமும் ஜாடாவாக இருந்தன. காதில் பென்சில், சீவின முனையோடு.

ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பினோம். டியூட்டி முடித்து வந்த அக்கா வீடியோ காலில் வந்தாள். அவள் போனில் உருவம் திறந்திருந்தது. எங்களுக்கு அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. விரலால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். இடது பக்கம், நேரே, வலது பக்கம். அங்கே விரல் நின்றது.

''பென்சில் இருக்குடா'' என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. பையன் மெல்ல எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

யோசித்துப் பார்த்தால், மேற்படி என்ற சுழி எல்லோருக்கும் வேலை செய்யாது. மேல் வரியைப் படித்தவருக்குத்தான் அதில் அர்த்தம். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் எத்தனை பொதுவாக இருக்கிறதோ, அத்தனை சின்னதாக எழுதலாம். ரோஸிக்னாக்கின் ஐந்து எழுத்தும் இதுதான், அப்பாவின் பேரேடும் இதுதான்.

படுக்கப்போகும்போது அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். 'அப்பா ஞாபகமாவே இருக்குடா. தூக்கம் வரல.'

நீளமாக என்னென்னவோ பதில் அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் அனுப்பினேன்.

௸.

கணக்குப்பிள்ளை பெண். புரிந்துகொண்டாள்.